மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே 2 அடி நிழல் பாத்தி: என்ன செடி தாங்கும்? (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மதிலோரம்
இடம் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். வீடு தெற்குப் பார்த்தது, மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து உயரம் 22 அடி. பின்னால், வடக்கே, மதில்வரை நாலரை அடி இடைவெளி. மதில் 5 அடி உயரம். மதிலை ஒட்டி 2 அடி அகலம், 20 அடி நீளத்துக்குப் பாத்தி எடுத்துவிட்டு மீதி இரண்டரை அடியை நடக்க விடலாமென்று எண்ணம். மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனை. எப்போது போய்ப் பார்த்தாலும் நிழல்தான். அரை அடி தோண்டினால் செங்கல் துண்டும் காரைக்கட்டியும் வருகிறது. நர்சரியில் அரிக்கா பாம் வரிசையாக வைத்தால் மதில் மறையும் என்கிறார்கள். எங்களுக்கு இலையழகுச் செடியும் வேண்டும், அடுக்களைக்கு உதவுகிற மாதிரி இரண்டு மூன்றும் வேண்டும். வீட்டில் தவழ்கிற வயசில் பிள்ளை உண்டு.

பெரணிக்காடு
அரிக்கா பாம் வேண்டாம். வாங்கும்போது ஒரு முழ அகலம், நாலு வருஷத்தில் தூர் கட்டி 6 அடி விரியும். இரண்டரை அடி நடைபாதை அதோடு போச்சு. வெட்டி ஒதுக்கினால் ஓலை பாதியில் நிற்கும், பார்க்கச் சகிக்காது. மதில் மறைய வேண்டுமென்றால் ராபிஸ் பாம் கேளுங்கள். விசிறி மாதிரி இலை, மூங்கில் மாதிரி மெல்லிய தண்டு, 5-6 அடிக்கு மேல் பெரும்பாலும் போகாது. நிழலை விரும்பும். மெதுவாக வளரும், அதனால் விலை கூடுதல். மூன்றடி உயரச் செடியாகவே வாங்குங்கள், கன்று வாங்கினால் காத்திருக்க முடியாது.

அத்தி இனத்தில் எதுவும் வேண்டாம், மதிலில் ஒட்டிப் படரும் சின்ன இலைக் கொடி உட்பட. அதைப் பிடுங்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். ஹெலிகோனியாவும் வேண்டாம், கிழங்கு ஓடி நடைபாதை ஓடுகளைத் தூக்கிவிடும்.

உச்சிவெயில்
செடிப் பேருக்குப் போகும் முன்னால் ஒரு சங்கதி. "எப்போது பார்த்தாலும் நிழல்" என்கிறீர்களே, எந்த மாசம் பார்த்தீர்கள்?

வடக்குப் பக்கம் என்றால் வருஷம் முழுக்க நிழல் என்பது டெல்லிக்காரர்களுக்குச் சரி. மார்த்தாண்டம் இருப்பது 8.3 பாகை வடக்கில். ஏப்ரல் 11, 12 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஜூன் 21-ல் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே. அப்போது உங்கள் பாத்திக்கு நிழல் தருவது வீடு அல்ல, மதில். அதுவும் 5 அடி மதில் நடுப்பகலில் தருவது ஒன்றேகால், ஒன்றரை அடி நிழல்தான்.

டிசம்பரில் கதை தலைகீழ். சூரியன் 32 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். 22 அடி வீட்டின் நிழல் நடுப்பகலிலேயே 13 அடிக்கு மேல் வடக்கே விழும், மதிலையும் தாண்டி.

உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்த்தால் அக்டோபரிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை மதியத்தில் பாத்திக்குப் பொட்டு வெயில் கிடையாது. மார்ச் நடுவில் மதில் ஓரத்தில் தொடங்கும். ஏப்ரல், மே மாசங்களில் 11 மணியிலிருந்து இரண்டு மணி நேரமாவது நேர் வெயில் பாத்தியில் அடிக்கும். (நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது 12:20 வாக்கில், 12 மணிக்கு அல்ல.) ஜூன், ஜூலையில் கணக்குப்படி வெயில் உண்டு, ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேகம் பார்த்துக்கொள்ளும். ஆக இது நிழல் பாத்தி இல்லை. ஆறு மாசம் இருட்டு, இரண்டு மாசம் அடுப்பு, மீதி மழை. அந்த ஏப்ரல், மே இரண்டு மாசத்தைத் தாண்டுகிற செடிதான் உங்களுக்குச் செடி.

மதிலோரம்
பார்த்தது நவம்பரிலும் ஜனவரியிலும். நீங்கள் சொன்ன பிறகுதான் மதிலைக் கவனித்தேன். மேல் இரண்டடியில் பாசி காய்ந்து வெளுத்திருக்கிறது, கீழே பச்சையாக இருக்கிறது.

உச்சிவெயில்
அதுவே அளவுகோல். அந்தக் கோட்டுக்கு மேலே தலை நீட்டுகிற செடி வெயில் தாங்க வேண்டும், கீழே அடங்குவது நிழல்செடியாக இருக்கலாம். உயரமான செடியை மதிலோரம் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அதன் தலை வெயிலை வாங்கி, முன்வரிசைக்குக் குடை பிடிக்கும்.

கரணையும் கம்பியும்
மண் வேலையில் சறுக்கினால் செடி எதுவானாலும் போகும். வரிசையாகச் சொல்கிறேன்.

காரை கலந்த மண்ணா என்று தெரிய ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. நம்ம பக்கத்துச் செம்மண் இயல்பில் அமில மண், பொங்காது. கட்டிட வேலை நடந்த இடத்தில் மட்டும் இந்தக் கோளாறு. அந்த மண்ணில் தெச்சி (இட்லிப்பூ) வைத்தால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆள்கள் அதைப் பார்த்து யூரியா போடுவார்கள். குறை தழைச்சத்தில் இல்லை, சுண்ணாம்பு மண் இரும்புச்சத்தை வேர் எடுக்க விடாது.

15 அங்குலம் ஆழம் போதும், அதற்குக் கீழே போகாதீர்கள். பெரும்பாலான மதில்களுக்குக் கருங்கல் அஸ்திவாரம் இரண்டடிக்குள்தான் இருக்கும், பக்கத்திலே தோண்டி மழையில் விட்டால் சாய்ந்துவிடும். 20 அடியையும் ஒரே நாளில் திறந்து போடவும் கூடாது. ஐந்தைந்து அடியாகத் தோண்டி, சலித்து, நிரப்பி, அடுத்ததுக்குப் போங்கள்.

அளவு: 20 × 2 × ஒன்றேகால் அடி, மொத்தம் 50 கன அடி. காலி சிமெண்ட் சாக்கு ஒன்று சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும், ஆக 40 சாக்கு. தோண்டிய மண்ணை முக்கால் அங்குலச் சல்லடையில் சலித்தால் பாதி தேறும். அந்த 20 சாக்கோடு நன்றாக மக்கிய சாணி 8 சாக்கு, தென்னைநார்ச்சோறு 8 சாக்கு, பருமணல் 4 சாக்கு. சலித்த மண்ணே வினிகருக்குப் பொங்கினால் அதை எடுக்காமல் வெளியிலிருந்து செம்மண் இறக்குங்கள். எம் சாண்ட் வேண்டாம், அதிலுள்ள கல்பொடி நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். நார்ச்சோறு கட்டியாக வாங்கினால் நனைத்து, பிழிந்து, மறுபடி நனைத்து இரண்டு மூன்று தடவை உப்பு போகக் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும்.

மண்ணை மதிலோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். 3 அங்குலம் இடம் விட்டு அதில் முக்கால் அங்குல ஜல்லி போடுங்கள். பாத்தியைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம். மதில் மண் தாங்கவென்று கட்டியதல்ல, ஹாலோ பிளாக் என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டுச் சுவரோரமும் பேஸ்மென்ட் மட்டத்துக்கு அரை அடி கீழேயே மண் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஓதமும் செதலும் (கறையான்) உள்ளே ஏறும்.

நல்லமிளகு
அண்ணன் சொன்னதோடு ஒன்று: ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் தடவை நிரப்பி மணி பாருங்கள். நாலு மணி நேரம் தாண்டியும் தண்ணீர் நின்றால் அடியில் ஜல்லியைப் போட்டு ஏமாற்ற முடியாது, ஓரமாக 2 அங்குலக் குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. இங்கே நிழல்செடி வெயிலில் சாவதைவிட வேர் அழுகிச் சாவது கூடுதல்.

இனி அடுக்களைச் செடி. குற்றுமிளகு வையுங்கள். மிளகுக் கொடியின் பக்கக் கிளையில் வேர் பிடிக்க வைத்தது, ஏறாது, புதர்போல 2-3 அடியில் நிற்கும். ரகம் கேட்டு வாங்க வேண்டும். பன்னியூர் 1 நல்ல வெளிச்சம் கேட்கும், உங்கள் இடத்தில் இலையாகவே போகும். கரிமுண்டா நிழல் தாங்கும். பாத்தியில் காலை வெளிச்சம் விழுகிற கிழக்கு முனையில், இரண்டு அடி இடைவெளியில் இரண்டு. தண்டிலிருந்து அரை அடி தள்ளித்தான் எரு போட வேண்டும். தண்டோடு சாணியைக் குவித்தால் ஜூலையில் தூர் கருத்து, இலை ஒரே வாரத்தில் கொட்டும். வாட்டம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வாட்டமல்ல, அழுகல். மழை தொடங்கும் முன் மே கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை 1 சதவீதப் போர்டோ கலவை (பூஞ்சாணக் கொல்லி) இலையிலும் தூரிலும் அடித்தால் பெரும்பாலும் தப்பும். 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. தனித்தனியாக 5 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. கலக்கிய அன்றே அடித்துவிட வேண்டும்.

நீளமல்லி இரண்டாவது. கொத்தமல்லி மணம், வாள் மாதிரி பல்லுள்ள இலை. வெயிலில் சீக்கிரம் பூத்து இலை முரடாகும், நிழலில்தான் இலை நீளும். பூத்தண்டு கிளம்பியதும் கிள்ளிவிடுங்கள். அரை அடிக்கு ஒன்று. கச்சோலமும் (இஞ்சிக் குடும்பத்து வாசனைக் கிழங்கு) நன்றாக வரும், ஆனால் தை பிறந்தால் இலை படுத்து மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். இஞ்சி, மஞ்சளும் அப்படியே. வைகாசி வரை அந்த இடம் மொட்டையாகக் கிடக்கும், தெரிந்துகொண்டு வையுங்கள்.

தோவாளை வழி
பூச்செடி எதுவும் ஆகாதா? ஒரு பிச்சிக் கொடியாவது?

பெரணிக்காடு
தோவாளைச் சந்தைக்குப் போகிற பூ ஒன்றும் இந்தப் பாத்தியில் பூக்காது. பிச்சி, மல்லி, அரளி, கேந்தி எல்லாம் குறைந்தது 5-6 மணி நேர வெயில் கேட்பவை. உயிரோடு இருக்கும், கொடி நீளும், மொட்டு வராது. தெச்சியும் அப்படித்தான். குரோட்டன்ஸ் சாகாது, ஆனால் அந்த மஞ்சளும் சிவப்பும் இரண்டு மாசத்தில் பச்சையாக மங்கும். பூ வேண்டுமென்றால் பீஸ் லில்லி, ஆந்தூரியம் இரண்டும்தான். ஆந்தூரியத்தை மண்ணில் நடாதீர்கள். உரித்த தேங்காய்த் தொண்டுத் துண்டு, செங்கல் சல்லி, கரித்துண்டு சம அளவில் நிரப்பிய தொட்டியில் வைத்து, தொட்டியைப் பாத்தியில் பாதி புதைத்துவிடலாம்.

நான் வைப்பதென்றால் இப்படி. மதிலிலிருந்து 8 அங்குலத்தில் பின்வரிசை: கிழக்கே இரண்டு குற்றுமிளகு, நடுவில் 12 அடிக்கு நாலு நாலடி விட்டு மூன்று ராபிஸ், மேற்கு முனை 4 அடியில் கார்டிலைன் (நிற இலைச் செடி) மூன்று. மேற்கு முனையில் சாய்வெயில் அடிக்கும், கார்டிலைன் அதைத் தாங்கும், நிறமும் கூடும். முன்வரிசை 17 அங்குலத்தில், பின்வரிசைச் செடிக்கு நேரே இல்லாமல் இடைவெளியில்: கிழக்கே நீளமல்லி எட்டு, நடுவில் அடிக்கு ஒன்றாக அக்லோனிமா, பீஸ் லில்லி, பெரணி (ஃபெர்ன்) மாறி மாறிப் பன்னிரண்டு, மேற்கே ஸ்பைடர் பிளான்ட் நாலு. டிஃபன்பாக்கியா மட்டும் வேண்டாம், பிள்ளை கடித்தால் நாக்கு வீங்கும்.

ஈரமண்
பெரணிக்காடு அக்கா, டிஃபன்பாக்கியாவை விலக்கிவிட்டு அக்லோனிமாவும் பீஸ் லில்லியும் எழுதியிருக்கிறீர்களே. மூன்றும் ஒரே குடும்பம். மணி பிளான்ட், சின்கோனியம், இப்போது சொன்ன ஆந்தூரியமும் அதே. பச்சைச் சேம்பைத் தின்றால் தொண்டை அரிக்கிற அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசி இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. டிஃபன்பாக்கியாவில் வேகம் கூடுதல், அவ்வளவுதான். தவழ்கிற பிள்ளைக்கு எட்டுகிற உயரம் முன்வரிசைதான்.

பெரணிக்காடு
சரிதான். செடியின் உயரத்தை யோசித்தேனே தவிரப் பிள்ளையின் உயரத்தை யோசிக்கவில்லை. அப்படியானால் முன்வரிசை நடுவில் பெரணி ஆறு, கலாத்தியா அல்லது மரான்டா (இரண்டும் கோலமிட்ட மாதிரி இலையுள்ளவை) ஆறு. ராபிஸ், பெரணி, கலாத்தியா, மரான்டா, ஸ்பைடர் எல்லாம் விஷமில்லாதவை என்று அறியப்பட்டவை. அக்லோனிமா ஆசையை மதில்மேல் தொட்டியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிவெயில்
மதில்மேல் வைத்தால் ஏப்ரலில் வெந்துபோகும். வீட்டுச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே கொக்கி போட்டுத் தொங்கவிடலாம்.

கலாத்தியாவுக்கும் அதே ஏப்ரல், மே பிரச்சினை உண்டு. ராபிஸ் வளர்ந்து நிழல் தர இரண்டு வருஷம் ஆகும். அதுவரை மார்ச் 15-லிருந்து மே கடைசிவரை மதில் உச்சியிலிருந்து வீட்டுச் சுவர் வரை 50 சதவீத நிழல்வலை 20 அடிக்குக் கட்டுங்கள். மழை தொடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும், வலையில் இலை தங்கி ஈரம் சொட்டிக்கொண்டே இருந்தால் பெரணியைத் தவிர எல்லாவற்றுக்கும் கேடு.

ஈரமண்
கலாத்தியா இலை ஓரம் பொரிவது வெயிலால் மட்டுமல்ல, தண்ணீராலும். குளோரின் குழாய்த் தண்ணீரும் உப்புள்ள போர் தண்ணீரும் ஆகாது. கிணற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர்.

மழை பெய்கிறதே என்று தண்ணீர் விடாமலும் இருக்காதீர்கள். சன்ஷேடும் வீட்டு உயரமும் சேர்ந்து தென்மேற்கு மழையைத் தடுக்கும் இடம் இது. ஊரே நனைந்து கிடக்கும்போது இந்தப் பாத்தியில் விரலை விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே புழுதியாக இருக்கும். சன்ஷேடின் ஓரம் பாத்திக்கு நேர்மேலே வந்தால் இன்னொரு தொல்லை, நீர்த்தாரை விழுந்து குழி பறிக்கும், எகிறுகிற மண் இலையின் அடியில் ஒட்டிப் புள்ளி நோய் கொண்டுவரும். தாரை விழும் கோட்டில் அரை அடி அகலத்துக்கு ஜல்லி விரித்துவிடுங்கள்.

உரம் குறைவாகத்தான். இருட்டு மாசங்களில் செடி தூங்கும், அப்போது கொடுக்கிற உரம் மண்ணில் உப்பாகத் தங்கும். மார்ச், ஏப்ரல், மே, பிறகு ஆகஸ்ட், செப்டம்பர். மாசம் ஒரு தடவை லிட்டருக்கு 2 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள கரையும் உரம்), அதுவே தாராளம். குற்றுமிளகுக்கு மட்டும் கூடுதலாக வேப்பம்பிண்ணாக்கு செடிக்கு 100 கிராம், ஜூனிலும் செப்டம்பரிலும்.

தோவாளை வழி
நத்தையை யாரும் சொல்லவில்லையே. அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது.

கரணையும் கம்பியும்
காரைச் சுவர் பக்கம் அது வருவது செடிக்காக மட்டுமல்ல. ஓடு வளர அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், அதனால் மதில் பூச்சையே சுரண்டித் தின்னும். பூசாத மதில் என்றால் முதலில் பூசி வெள்ளை பெயின்ட் அடியுங்கள். மேலே பெயின்ட் இருந்தால் சுரண்டுவது குறையும், வெள்ளைச் சுவர் டிசம்பர் இருட்டில் பாத்திக்கு வெளிச்சத்தையும் திருப்பித் தரும்.

நல்லமிளகு
பிடிப்பது இப்படி: சாயங்காலம் சாக்கை நனைத்து, நடுவில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் தழையோ வைத்துப் பாத்தி முனையில் போடுங்கள். விடியுமுன் அடியில் கூடியிருக்கும். கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மூளைக்காய்ச்சல் உண்டாக்குகிற எலி நுரையீரல் புழு அதன் சளியில் இருக்கலாம். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்புப் போட்ட வாளியில் போட்டு, செத்த பிறகு தூரமாகப் புதையுங்கள். உப்பை நேரே பாத்தியில் தூவாதீர்கள், நத்தைக்கு முன்னால் செடி போய்விடும். நீளமல்லியை ஒவ்வொரு இலையாக ஓடுகிற தண்ணீரில் கழுவாமல் சட்டினியில் போட வேண்டாம், மழைக்காலத்தில் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம்.

மதிலோரம்
இப்படி முடிவு: ஏப்ரலில் மண் வேலை, மே கடைசியில் நடவு. பின்வரிசை குற்றுமிளகு 2, ராபிஸ் 3, கார்டிலைன் 3. முன்வரிசை நீளமல்லி 8, பெரணி 6, மரான்டா 6, ஸ்பைடர் 4. மொத்தம் 32 செடி. வினிகர் விட்டுப் பார்த்தேன், மேற்கு முனையில் நுரைக்கிறது, கிழக்கில் இல்லை.

கரணையும் கம்பியும்
மேற்கு முனையில்தான் கலவை குழைத்திருப்பார்கள். அந்த 5 அடியில் தோண்டுகிற மண்ணைச் சலிக்கவே வேண்டாம், 10 சாக்கையும் வெளியே கொட்டுங்கள். ஆக உங்களுக்குச் சலிக்க 30 சாக்கு, அதில் தேறுவது 15. வெளியிலிருந்து செம்மண் 5 சாக்கு கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.

பெரணிக்காடு
மரான்டாவை மே கடைசியில் நடாதீர்கள். ராபிஸும் குற்றுமிளகும் கார்டிலைனும் அப்போது போகட்டும். மரான்டாவும் பெரணியும் ஆகஸ்ட் கடைசியில், மழை ஒரு இடைவெளி விடும்போது. தூர் மண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே தெரிய நடுங்கள், ஆழமாக இறக்கினால் ஐப்பசியில் அழுகும்.